லினக்ஸ் மேம்படுத்தலுக்குப் பின் நெட் வரவில்லையா? அடியிலிருந்து மேலாகப் பழுது பார்க்கும் முழுமையான வழிகாட்டி

மேம்படுத்தல் முடிந்து கணினி மீண்டும் தொடங்கியதும் வைஃபை சின்னத்தையே காணவில்லை, அல்லது சின்னம் இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றை மனத்தில் வைத்தே படிகள் அமைந்துள்ளன. ஃபெடோராவும் ஆர்ச்சும் மாறுபடும் சில இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். கணினியின் அமைப்பை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால், நிர்வாகி உரிமையுடன் இயக்கச் சொல்லும் ‘சூடோ’ சேர்க்க வேண்டும்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நெட்வொர்க் அட்டைக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) வேண்டும். டிரைவர் ஏறினால்தான் இடைமுகம் (கணினி நெட்டுடன் பேசும் வாயில்) தோன்றும். இடைமுகம் இருந்தால்தான் முகவரி கிடைக்கும். முகவரி கிடைத்த பிறகுதான் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) என்ற பேச்சே எழும். புதியவர்கள் பெரும்பாலும் மேல்முனையில் தொடங்கி, டிஎன்எஸ் கோப்பைத் திருத்தி, உலாவியை மாற்றி, கடைசியில்தான் டிரைவரே ஏறவில்லை என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் நன்றாக இருந்த இரண்டு மூன்று அமைப்புகளும் கெட்டுப்போயிருக்கும்.

1. முதலில் கை வைக்கக் கூடாத இடங்கள்

இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் தொகுப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால் அதை உடனே கைவிட வேண்டும். நீக்குவதற்கு நெட் தேவையில்லை, நிறுவுவதற்கு நெட் தேவை. பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய கணினிகள் இந்த ஒரு செயலால் நாள் முழுவதையும் விழுங்கியதைப் பலமுறை உடனிருந்து பார்த்திருக்கிறேன்.

‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கட்டளையையும் இப்போது கொடுக்கக் கூடாது. தேவையற்றவை என்று அது கருதும் தொகுப்புகளில், கணினியின் மைய மென்பொருளான கர்னலின் பழைய பதிப்பும் இருக்கக்கூடும். 4-ஆம் படிக்கு அந்தப் பழைய கர்னல் கட்டாயம் வேண்டும்.

எந்த அமைப்புக் கோப்பைத் திருத்தினாலும் முதலில் அதன் நகலை உங்கள் இல்ல அடைவில் வைக்க வேண்டும். நகலை அதே அடைவில் வைப்பது வழக்கமான பிழை. உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பைப் படிக்கும் நெட்பிளான், தன் அடைவில் ‘யாமல்’ என்ற பின்னொட்டுடன் முடியும் எல்லாக் கோப்புகளையும் சேர்த்தே படிக்கும் என்பதால், காப்புக்காக வைத்த நகலே நடைமுறைக்கு வந்து புதிய அமைப்புடன் மோதும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்து இணைப்பு வந்துவிட்டால், எது காரணம் என்று தெரியாமலே போகும். தேவையற்ற மாற்றம் அடுத்த மேம்படுத்தலில் புதிய பழுதாக எழும்.

2. தொடங்கும் முன் தேவையானவை

முதல் தேவை, யூஎஸ்பி கேபிளுடன் ஒரு ஆண்ட்ராய்டு கைபேசி. கேபிளால் இணைத்து, கைபேசியின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால், கணினி அதை ஒரு கம்பிவழி இணைப்பாகவே காணும். உங்கள் வைஃபை அட்டையின் டிரைவர் கெட்டிருந்தாலும் இதற்குப் பாதிப்பில்லை, ஏனெனில் இது முற்றிலும் வேறு டிரைவரைப் பயன்படுத்துகிறது. கைபேசி வழியாக ஹாட்ஸ்பாட் போட்டுப் பயனில்லை. அதற்கு வைஃபையே வேண்டும் அல்லவா.

டெதரிங்கும் வேலை செய்யாத நிலை வந்தால், வேறு கணினியில் தொகுப்புகளைப் பதிவிறக்கிக் கொண்டுவர ஒரு பென்டிரைவ் வேண்டும். அப்படிக் கொண்டுவந்த டெப் கோப்புகளை ‘டிபிகேஜி -ஐ’ கட்டளையால் நிறுவலாம்.

தொலைவில் இருக்கும் சர்வராக இருந்தால், நெட்வொர்க்கைச் சாராமல் உள்ளே நுழையும் வழி ஒன்றை முதலில் உறுதிசெய்ய வேண்டும்: வாடகைக்குத் தருபவரின் வலைக் கன்சோல், சர்வரின் தொலைமேலாண்மைப் பலகை, அல்லது திரையும் விசைப்பலகையும் கொண்டு நேரில் நிற்கும் ஒரு மனிதர். எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக நுழைந்து நெட்வொர்க் அமைப்பைத் திருத்துவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவதற்குச் சமம்.

3. மேம்படுத்தல் உண்மையிலேயே முடிந்ததா என்று பார்த்தல்

மின்சாரம் போனதாலோ, இடையில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் தராமல் சாளரத்தை மூடியதாலோ மேம்படுத்தல் பாதியில் நின்றிருக்கலாம். ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்று கொடுத்தால், பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாமல் கிடக்கும் தொகுப்புகள் அமைக்கப்படும். எதுவும் அச்சாகாமல் திரும்பினால் அந்த வேலை முன்பே முடிந்திருந்தது என்று பொருள்.

அடுத்து, ‘யூநேம் -ஆர்’ என்று கொடுத்து இப்போது இயங்கும் கர்னலின் பதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். டெபியன் 11-இல் 5.10, 12-இல் 6.1, 13-இல் 6.12 என்று தொடங்கும், உபுண்டு 24.04 வெளியானபோது 6.8. பின்னர் ‘லிப்’ அடைவுக்குள் இருக்கும் ‘மாட்யூல்ஸ்’ அடைவைப் பட்டியலிட வேண்டும். இயங்கும் கர்னலின் பெயரிலேயே ஒரு துணை அடைவு அங்கு இருக்க வேண்டும்.

அது இல்லையென்றால், கர்னல் தனக்குரிய டிரைவர்களைத் தேடும் இடமே இல்லை என்று பொருள். ஆர்ச் பயனர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது: மேம்படுத்தல் பழைய கர்னலின் அடைவை அழித்துவிடும், ஆனால் கணினியை மீண்டும் தொடங்கும்வரை பழைய கர்னலே ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் கைபேசியைச் செருகினால்கூட டெதரிங் டிரைவர் ஏறாது. ஒருமுறை மீண்டும் தொடங்கினால் இது தீர்ந்துவிடும்.

4. பழைய கர்னலில் தொடங்கிப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன். ஐந்து நிமிட வேலை. பழுதை இரண்டாகப் பிளந்து, எந்தப் பாதியில் தேட வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

கணினி தொடங்கும்போது, எந்தக் கர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியல் தோன்ற வேண்டும். உபுண்டுவில் அது மறைந்திருக்கும். பயாஸ் வகைக் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தும், யூஇஎஃப்ஐ வகையில் எஸ்கேப் விசையைத் தட்டியும் வரவழைக்கலாம். அதில் மேம்பட்ட தெரிவுகள் என்ற வரிக்குள் சென்று, மேம்படுத்தலுக்கு முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரில் மீட்பு முறை என்று குறிப்பிடப்பட்டிருக்கும் வரியைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அம்முறையில் நெட்வொர்க் சேவைகள் இயல்பாகத் தொடங்குவதில்லை. அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

பழைய கர்னலில் நெட் வந்தால், பழுது பெரும்பாலும் கர்னல், டிரைவர், ஃபர்ம்வேர் (அட்டைக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) ஆகியவற்றில் இருக்கிறது. 5-ஆம் படிக்குச் செல்ல வேண்டும். தேவையான தொகுப்புகளை இந்த இணைப்பிலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. பழைய கர்னலிலும் வரவில்லையென்றால், அமைப்புக் கோப்புகளிலோ சேவைகளிலோ பழுது இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். 5-ஆம் படியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 6-க்குச் செல்லலாம்.

5. அட்டை, டிரைவர், ஃபர்ம்வேர்

‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று கொடுத்தால் கணினியின் உள் அட்டைகள் பட்டியலாகும். ஈதர்நெட் கன்ட்ரோலர், நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் கீழும் ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் டிரைவர் அட்டையைப் பிடித்துக்கொண்டது. ‘கர்னல் மாட்யூல்ஸ்’ என்ற வரி மட்டும் இருந்தால், பொருத்தமான டிரைவர் கைவசம் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. இரண்டுமே இல்லையென்றால் டிரைவரே இல்லை. யூஎஸ்பி வைஃபை வைத்திருப்பவர்கள் ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அது கிளை கிளையாகக் காட்டும் படத்தில், டிரைவரின் பெயர் சமக்குறிக்குப் பின் வரும்.

டிரைவர் இருந்தும் ஏறாததற்குக் காரணம் கர்னல் பதிவில் இருக்கும். ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி’ என்று கொடுத்து, டிரைவரின் பெயர் வரும் வரிகளைப் படிக்க வேண்டும்.

இங்கு ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் வைஃபை அட்டை உள்ள மடிக்கணினிகளில், ஃபர்ம்வேர் ஏற்றம் தோற்றது, பிழை எண் -2 என்று சிவப்பில் இரண்டு மூன்று வரிகள் வரும். ஒரு மாணவர் இந்த வரிகளைப் பார்த்ததும் அட்டை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றத் திருகாணியுடன் உட்கார்ந்திருந்தார். -2 என்பதற்கு அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று மட்டுமே பொருள். ‘ஐடபிள்யூஎல்வைஃபை’ டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேரில் தொடங்கி, ஒன்று ஒன்றாகக் கீழே இறங்கித் தேடும். அந்தச் சிவப்பு வரிகளுக்குக் கீழே ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று பதிப்பு எண்ணுடன் ஒரு வரி இருந்தால், மேலே உள்ளவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொருத்தமான ஃபர்ம்வேர் எதுவும் கிடைக்கவில்லை என்று அந்தத் தேடல் முடிந்திருந்தால்தான் பழுது அங்கே இருக்கிறது. அந்த மாணவரின் கணினியில் ஃபர்ம்வேர் ஏறித்தான் இருந்தது; பழுது வேறிடத்தில்.

ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றே பதிவு சொன்னால், டெபியன் 11-இலிருந்து 12-க்கு வந்தவர்கள் ஆப்ட் மூலப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். 2023-இல் வெளியான டெபியன் 12, ஃபர்ம்வேர் தொகுப்புகளை ‘நான்-ஃப்ரீ’ பிரிவிலிருந்து எடுத்து ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பிரிவில் வைத்தது. பழைய பட்டியலில் பதிப்பின் பெயரை மட்டும் மாற்றி மேம்படுத்தியவர்களுக்கு எல்லாம் புதியதாகிவிடும், ஃபர்ம்வேர் மட்டும் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். அந்தப் பிரிவின் பெயரைப் பட்டியலில் சேர்த்து, டெதரிங் வழியாக ‘ஆப்ட் அப்டேட்’ செய்து, உங்கள் அட்டைக்குரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவ வேண்டும்.

உபுண்டுவில் இதற்கு இணையான ஒரு பிழை உண்டு. கர்னலின் டிரைவர்கள் இரண்டு தொகுப்புகளாகப் பிரிந்துள்ளன. ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ என்று தொடங்கும் இரண்டாவது தொகுப்பில்தான் பல வைஃபை டிரைவர்கள் இருக்கின்றன. கர்னலைத் தனியாகப் பெயர் சொல்லி நிறுவியவர்களுக்கு அது வராமல் போகும். இயங்கும் கர்னலின் அதே பதிப்பு எண்ணுடன் அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கர்னலுடன் வராத டிரைவரை வெளியிலிருந்து நிறுவியவர்களின் நிலை வேறு. பிராட்காமின் ‘டபிள்யூஎல்’, ரியல்டெக்கின் பல யூஎஸ்பி டிரைவர்கள் இந்த வகை. இவற்றை ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த வேலையை டிகேஎம்எஸ் செய்கிறது. ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்று கொடுத்து, புதிய கர்னலின் எண்ணுக்கு எதிரே நிறுவப்பட்டது என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கர்னலுக்கு மட்டும் வந்தால், பெரும்பாலும் புதிய கர்னலுக்கு டிரைவரைக் கட்டத் தேவையான ஹெடர் தொகுப்பு இல்லை: டெபியனில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’, உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’. அதை நிறுவி, ‘டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’ கொடுத்தால் கட்டுமானம் நடக்கும். ஹெடர் இருந்தும் கட்டுமானம் தோற்றால், பழைய டிரைவரின் நிரல் புதிய கர்னலுக்கு ஒத்துவரவில்லை. அதன் புதிய பதிப்பைத் தேட வேண்டும்.

அதற்கு முன் இன்னொன்றைப் பார்ப்பது நல்லது. ரியல்டெக்கின் 8821சியூ, 8822பியூ போன்ற சில யூஎஸ்பி சிப்புகளுக்குக் கர்னல் 6.2 முதல் டிரைவர் உள்ளேயே வந்துவிட்டது. முன்பு வெளி டிரைவரை நிறுவியபோது, ‘இடிசி’ அடைவில் உள்ள ‘மாட்ப்ரோப்.டி’ என்ற அடைவில் உள் டிரைவரைத் தடைசெய்யும் வரி ஒன்றை எழுதியிருந்தால், இப்போது இரண்டுமே ஏறாமல் அட்டை அநாதையாக நிற்கும். அந்தத் தடை வரியை நீக்குவதே போதுமான தீர்வாக அமையலாம்.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கட்டிய டிரைவர் கையொப்பம் இல்லாமல் ஏறாது. ‘மாட்ப்ரோப்’ கட்டளையால் ஏற்ற முயலும்போது சாவி நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி வந்தால் காரணம் இதுதான். டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியை ‘மோக்யூடில் --இம்போர்ட்’ மூலம் பதிவுசெய்யும்போது ஒருமுறைக் கடவுச்சொல் ஒன்று கேட்கும். கணினி மீண்டும் தொடங்கும்போது நீலத் திரை ஒன்று தோன்றி, ஏதேனும் விசையை அழுத்தும்படி சொல்லி, சுமார் பத்து நொடி மட்டுமே காத்திருக்கும். அந்த நேரத்தில் தேநீர் எடுக்க எழுந்து போனால் திரை மறைந்துவிடும், சாவி பதிவாகாது, முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். திரைக்கு எதிரிலேயே இருந்து, மோக் பதிவு (சாவியைச் சேர்த்தல்) என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும்.

டிரைவர் ஏறியும் வைஃபை இயங்கவில்லையென்றால், ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ கொடுத்துப் பார்க்க வேண்டும். மென்தடை என்று வந்தால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ போதும். வன்தடை என்று வந்தால் மடிக்கணினியின் பக்கவாட்டுப் பொத்தானையோ விசைப்பலகையின் விமானச் சின்ன விசையையோ பார்க்க வேண்டும். கட்டளையால் அதை நீக்க முடியாது.

6. இடைமுகத்தின் பெயர் மாறியதா

‘ஐபி -பிஆர் லிங்க்’ என்று கொடுத்தால், ஒவ்வொரு இடைமுகமும் ஒரு வரியில், அதன் மேக் முகவரியுடன் (அட்டையின் தனி அடையாள எண்) வரும். ‘எல்ஓ’ என்பது கணினி தன்னுடனேயே பேசும் இடைமுகம், அதை விட்டுவிடலாம். ‘இஎன்’ என்று தொடங்குபவை கம்பிவழி, ‘டபிள்யூஎல்’ என்று தொடங்குபவை வைஃபை. இஎன்பி3எஸ்0 என்றால் பிசிஐ மூன்றாம் பாதையில் பூச்சிய இடத்தில் உள்ள அட்டை.

பெயர் அட்டையின் இருப்பிடத்தைப் பொறுத்து அமைவதால், புதிய எஸ்எஸ்டி ஒன்றைச் செருகினாலே பாதை எண் நகர்ந்து பெயர் மாறலாம். மேம்படுத்தலிலும் மாறலாம், ஏனெனில் பெயரை முடிவுசெய்யும் விதிகள், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுகின்றன. சில சர்வர் அட்டைகளின் டிரைவர் புதிய கர்னலில் கூடுதல் தகவலைத் தருவதால், பெயரின் கடைசியில் ‘என்பி0’ என்று ஒட்டிக்கொள்வதும் உண்டு.

மேசைக் கணினியில் நெட்வொர்க் மேனேஜர் புதிய பெயருக்குத் தானாகவே ஒரு கம்பிவழி இணைப்பை உருவாக்கிக்கொள்ளும் என்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. சர்வரில் அப்படியல்ல. ஒரு சிறு அலுவலகத்தின் சர்வர் மேம்படுத்தலுக்குப் பின் பதிலளிக்காமல் போனபோது, அங்கிருந்தவர்கள் கேபிளை மாற்றினார்கள், சுவிட்சில் வேறு துளையில் செருகினார்கள், சுவிட்சையே மாற்றினார்கள். திரையை இணைத்துப் பார்த்தால், கர்னல் காட்டிய பெயர் இஎன்எஸ்1. ‘இடிசி’ அடைவின் ‘நெட்வொர்க்’ அடைவிலுள்ள ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் எழுதியிருந்த பெயர் இஎன்பி2எஸ்0. இல்லாத இடைமுகத்துக்கு முகவரி தர முயன்று அந்தச் சேவை தோற்றுக்கொண்டே இருந்தது. துளையின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்ததால் எல்லோரும் கேபிளையே சந்தேகித்தார்கள்.

உடனடித் தீர்வு, அமைப்புக் கோப்பில் புதிய பெயரை எழுதுவது. பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிச் சர்வர்களில் பிரிட்ஜ் போர்ட்ஸ் என்ற வரியிலும் அதே பெயர் வரும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது.

நிலையான தீர்வு, பெயரை மேக் முகவரியுடன் கட்டிவிடுவது. ‘இடிசி’ அடைவில் ‘சிஸ்டம்டி’, அதனுள் ‘நெட்வொர்க்’ அடைவில், ‘10-லான்.லிங்க்’ போன்ற பெயரில் ஒரு கோப்பு எழுத வேண்டும். அதன் ‘மேட்ச்’ பகுதியில் ‘பெர்மனன்ட்மேக்அட்ரஸ்’ என்பதற்கு அட்டையின் முகவரியையும், ‘லிங்க்’ பகுதியில் ‘நேம்’ என்பதற்கு லான்0 போன்ற பெயரையும் தர வேண்டும். வெறும் ‘மேக்அட்ரஸ்’ என்று எழுதினால், அதே முகவரியைக் கடன் வாங்கும் விலான்களுக்கும் (ஒரே அட்டையின் மேல் அமைக்கும் தனி வலையமைப்புகள்) விதி பொருந்திக் குழப்பம் வரலாம். இத்0 போன்ற பழைய பெயரையும் வைக்கக் கூடாது, கர்னல் தானே வழங்கும் பெயருடன் அது போட்டியிடும். கோப்பை எழுதியதும் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ கொடுத்தே மீண்டும் தொடங்க வேண்டும், ஏனெனில் பெயரிடும் வேலை தொடக்கக் கட்டத்திலேயே நடந்துவிடக்கூடும்.

7. இடைமுகம் யார் பொறுப்பில் இருக்கிறது

ஒரே கணினியில் நெட்வொர்க் மேனேஜர், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, பழைய இஃப்அப்டவுன் என மூன்று நிர்வாகிகள் இருக்கலாம். ஓர் இடைமுகத்துக்கு ஒருவர் மட்டுமே பொறுப்பாக இருக்க வேண்டும். ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ என்று கொடுக்கும்போது உங்கள் இடைமுகத்துக்கு எதிரே ‘அன்மேனேஜ்ட்’ என்று வந்தால், நெட்வொர்க் மேனேஜர் அதைத் தன் பொறுப்பாகக் கருதவில்லை.

டெபியனில் வழக்கமான காரணம், ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் அந்த இடைமுகத்தின் பெயர் இருப்பது. அங்கே எழுதப்பட்டதை நெட்வொர்க் மேனேஜர் தொடாது. மேசைக் கணினியாக இருந்தால் அந்த வரிகளுக்கு முன் # குறியிட்டு, நெட்வொர்க் மேனேஜரை மீண்டும் தொடங்கினால் போதும்.

உபுண்டுவில், வைஃபை இயங்குகிறது, கம்பிவழி மட்டும் ‘அன்மேனேஜ்ட்’ என்று வந்தால், நெட்பிளான் அடைவில் ‘01-நெட்வொர்க்-மேனேஜர்-ஆல்.யாமல்’ கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைஃபையையும் கைபேசி மோடத்தையும் தவிர மற்றவற்றைத் தொடாதே என்பதே அங்கு நெட்வொர்க் மேனேஜருக்குத் தரப்பட்ட இயல்பு விதி; ரெண்டரர் (அமைப்பை நடைமுறைப்படுத்தும் நிர்வாகி) நெட்வொர்க் மேனேஜரே என்று சொல்லும் இந்தச் சிறு கோப்புதான் அந்த விதியை விலக்குகிறது. கோப்பு காணாமல் போயிருந்தால் ‘நெட்வொர்க்’ என்ற தலைப்பின் கீழ் ‘வெர்ஷன்: 2’, ‘ரெண்டரர்: நெட்வொர்க்மேனேஜர்’ என்ற இரு வரிகளை உள்தள்ளி எழுதி மீட்டுக்கொள்ளலாம், ரெண்டரரின் பெயரில் ‘நெட்வொர்க்’, ‘மேனேஜர்’ ஆகிய இரண்டு சொற்களின் முதல் எழுத்தும் ஆங்கிலப் பேரெழுத்தாக இருக்க வேண்டும்.

நெட்பிளான் கோப்புகளில் உள்தள்ளலுக்கு இடைவெளிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். டேப் விசை ஒன்று நுழைந்தாலும் முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். திருத்திய பின் ‘நெட்பிளான் அப்ளை’ கொடுப்பதைவிட ‘நெட்பிளான் ட்ரை’ கொடுப்பது பாதுகாப்பானது: 120 நொடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும். ‘கேட்வே4’ பழைய முறை, கோப்பின் அனுமதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது என்று வரும் செய்திகள் எச்சரிக்கைகள் மட்டுமே. நெட் வராததற்கு அவை காரணமல்ல. அவற்றைத் துரத்தி நேரம் இழந்தவர்கள் பலர்.

ரெட்ஹேட் குடும்பத்தில் பழுதின் வடிவம் வேறு. ‘ஐஎஃப்சிஎஃப்ஜி’ என்று தொடங்கும் பழைய கோப்புகளுக்கான ஆதரவு படிப்படியாக விலக்கப்பட்டுவிட்டது. மேம்படுத்துவதற்கு முன்பே ‘என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மைக்ரேட்’ கொடுத்துப் புதிய வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். கையால் எழுதினால் கோப்பின் உரிமையாளர் ரூட்டாகவும் அனுமதி 600 ஆகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நெட்வொர்க் மேனேஜர் அதைப் படிக்கவே மறுக்கும்.

8. முகவரியும் வழியும்

‘ஐபி -பிஆர் ஏ’ கொடுத்தால் முகவரி தெரியும். முகவரியே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால், ரூட்டரிடமிருந்து முகவரி வழங்கும் டிஎச்சிபி பதில் வரவில்லை. கேபிள் இணைப்பில் ‘நோ-கேரியர்’ என்ற சொல் தெரிந்தால் கேபிளையும் துளையையும் இப்போது சந்தேகிக்கலாம்.

‘ஐபி ரூட்’ கொடுத்து, ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரியைப் பார்க்க வேண்டும். அதில் உள்ள ரூட்டரின் முகவரிக்கு ‘பிங்’ அனுப்பி, பதில் வந்தால் இணையத்திலுள்ள பொது டிஎன்எஸ் சர்வரான 1.1.1.1-க்கு அனுப்ப வேண்டும்.

இந்தச் சோதனைக்கு முன் கைபேசியின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் கம்பிவழிக்கு 100 என்றும் வைஃபைக்கு 600 என்றும் இயல்பாக எடை தருகிறது. எடை குறைந்த வழியே தேர்ந்தெடுக்கப்படும். டெதரிங் கம்பிவழிக் கணக்கில் வருவதால், வைஃபை இன்னும் பழுதாகவே இருக்கும்போதும் பிங் வெற்றியாகிவிடும். சரியாகிவிட்டது என்று கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போன பிறகுதான் உண்மை தெரியும்.

9. டிஎன்எஸ்

1.1.1.1 பதிலளிக்கிறது, ஆனால் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ கட்டளையுடன் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் எதுவும் வரவில்லை என்றால் மட்டுமே பழுது டிஎன்எஸ்-இல் இருக்கிறது.

‘எல்எஸ் -எல்’ கட்டளையால் ‘இடிசி’ அடைவின் ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பைப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் உண்மையான கோப்பாக இருக்காது. ‘ரன்’ அடைவுக்குள் இருக்கும் வேறொரு கோப்பைச் சுட்டும் தொடுப்பாக இருக்கும். சுட்டப்படும் கோப்பு இல்லாமல் போனால் பெயர்களைத் தேட யாரிடம் கேட்பது என்பதே கணினிக்குத் தெரியாது.

டெபியன் 11-இல் பெயர்களைத் தேடித் தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டியைப் பயன்படுத்தியவர்களுக்கு 12-இல் இதுதான் நேர்கிறது. அந்தச் சேவை சிஸ்டம்டியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் தொகுப்பாகிவிட்டது. மேம்படுத்தும்போது அது தானாக நிறுவப்படுவதில்லை. சேவை மறைந்துவிட, தொடுப்பு மட்டும் நிற்கிறது. தொகுப்பை நிறுவலாம் என்றால் டெபியனின் தளப் பெயரைக் கண்டறிய டிஎன்எஸ் வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்க, பழைய தொடுப்பு எங்கே சுட்டியது என்று எழுதி வைத்துக்கொண்டு அதை நீக்கி, அதே பெயரில் ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கி, ‘நேம்சர்வர் 1.1.1.1’ என்ற ஒரே வரியை எழுத வேண்டும். பெயர்கள் உடனே வேலை செய்யும். இப்போது ‘சிஸ்டம்டி-ரிசால்வ்ட்’ தொகுப்பை நிறுவினால், நிறுவும்போதே அது தொடுப்பை மீண்டும் அமைத்துக்கொள்ளும். பின்னர் ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ கொடுத்து, உங்கள் இடைமுகத்தின் கீழ் டிஎன்எஸ் சர்வர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கோப்பில் 127.0.0.53 என்று மட்டும் இருப்பதைக் கண்டு பிழை என்று எண்ணி மாற்றிவிடுபவர்கள் உண்டு. அது ரிசால்வ்டியின் உள்முகவரி. சேவை ஓடும்வரை அது சரியே. அதைவிடக் கேடானது, தற்காலிகமாக எழுதிய கோப்பை யாரும் மாற்றாதபடி ‘சிஎச்ஆட்டர் +ஐ’ போட்டுப் பூட்டுவது. வீட்டில் எல்லாம் நன்றாக நடக்கும்; அலுவலகத்தில் உள்வலைப் பெயர்கள் எதுவும் திறக்காது, ஏனெனில் அவற்றை அந்த அலுவலகத்தின் டிஎன்எஸ் மட்டுமே அறியும்.

10. வைஃபைக்கு மட்டும் உரியவை

வலையமைப்பின் பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது என்றால், ‘ஜர்னல்சிடிஎல் -பி -யூ’ கட்டளையுடன் நெட்வொர்க் மேனேஜர் (7-ஆம் படியில் சொன்ன பேரெழுத்துகளுடன்), வைஃபையில் சேரும் வேலையைச் செய்யும் ‘டபிள்யூபிஏ_சப்ளிகன்ட்’ ஆகிய இரண்டின் பதிவையும் படிக்க வேண்டும்.

கல்லூரி, அலுவலக வலையமைப்புகளில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைபவர்களுக்கு, பாதுகாப்பற்ற பழைய மறுபேச்சு தடுக்கப்பட்டது என்ற பொருளில் ஓப்பன்எஸ்எஸ்எல் செய்தி வரலாம். டெபியன் 12, உபுண்டு 22.04 ஆகியவற்றில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3, பழைய அங்கீகாரச் சர்வர்கள் செய்யும் ஒரு செயலை ஏற்பதில்லை. டெதரிங் வழியாக ‘டபிள்யூபிஏசப்ளிகன்ட்’ தொகுப்பின் பிந்தைய திருத்தங்களை நிறுவிப் பார்க்க வேண்டும். நிரந்தரத் தீர்வு சர்வரை நிர்வகிப்பவர் கையில் இருக்கிறது, பதிவின் அந்த வரியை அப்படியே அவருக்கு அனுப்புவது பயன்தரும்.

2024-இல் வந்த ஃபெடோரா 40-க்கு மேம்படுத்தியவர்கள் ரூட்டரில் மேக் முகவரிக் கட்டுப்பாடு வைத்திருந்தால் இணைப்பு மறுக்கப்படலாம். அந்தப் பதிப்பு முதல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு தனி மேக் முகவரி உருவாக்கிப் பயன்படுத்தப்படுகிறது. வீட்டு வலையமைப்பின் அமைப்பில் ‘குளோன்ட் மேக்’ என்பதை ‘பெர்மனன்ட்’ என்று மாற்றினால் அட்டையின் உண்மையான முகவரி திரும்பிவிடும்.

11. இன்னும் வரவில்லையென்றால்

முகவரி, வழி, பெயர் மூன்றும் சரியாக இருந்து தளங்கள் மட்டும் திறக்காவிட்டால், ‘என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்’ கொடுத்து ஃபயர்வால் விதிகளைப் பார்க்க வேண்டும். விபிஎன் இணைப்பு அறுந்தால் எல்லாவற்றையும் தடுக்க விபிஎன் மென்பொருள் இடும் விதிகள், அந்த மென்பொருள் மேம்படுத்தலில் செயலிழந்த பின்னும் நின்றுவிடுவதுண்டு. உலாவி இயங்கி ஆப்ட் மட்டும் தோற்றால், ‘ஆப்ட்’ அடைவின் அமைப்புகளில் பழைய பிராக்ஸி வரி ஏதும் கிடக்கிறதா என்று தேட வேண்டும்.

12. முடிக்கும் முன்

கைபேசியைக் கழற்றி, தாளில் எழுதிய தற்காலிக மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்று, ஒவ்வொன்றுக்குப் பின்னும் இணைப்பைச் சோதிக்க வேண்டும். பின்னர் கணினியை முழுவதுமாக அணைத்து, மின்கம்பியை ஒரு நிமிடம் எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும்; மீண்டும் தொடங்கும்போது அழியாத சில வைஃபை அட்டைகளின் நிலை இப்போதுதான் அழியும். புதிய கர்னலில் இரண்டு நாள் இணைப்பு அறாமல் நின்ற பிறகு, 1-ஆம் படியில் தள்ளிவைத்த ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கட்டளையைக் கொடுக்கலாம். அப்போதும் அது நீக்கப்போகும் பட்டியலை முழுவதும் படித்த பின்பே ஒப்புதல் தர வேண்டும்.